மலிவான படை, விலையுயர்ந்த தலைமை: மதராஸ் மாகாணப் போலீஸில் ஆளும் சம்பளமும்

1859இல் உருவான மதராஸ் மாகாணப் போலீஸ், ஒரே சீருடைக்குள் பல நாட்டவரையும் பல மொழியினரையும் அடுக்கடுக்காக நிறுத்திய படை. உச்சியில் ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர். அவர்களுக்குக் கீழே சார்ஜென்டுகளாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் ஓய்வுபெற்ற வெள்ளைச் சிப்பாய்களும், அன்று யுரேசியர் என்று சொல்லப்பட்ட ஆங்கிலோ இந்தியரும். அடியில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர், ஒரியர், உருது பேசும் முஸ்லிம்கள். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை நீண்டு கிடந்த மாகாணத்தை இந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களே காவல் செய்தார்கள். இப்படைக்கு ஆள் எடுத்ததிலும், சம்பளம் கொடுத்ததிலும், உயர்வு மறுத்ததிலும் ஒரே கணக்குதான் ஓடியது: படை மலிவாக இருக்க வேண்டும், ஆனால் அரசுக்கு நம்பிக்கையானதாகவும் இருக்க வேண்டும். நம்பிக்கைக்கான விலையை அரசு உச்சியில் கொடுத்தது. அதற்கான சிக்கனத்தை அடிமட்டத்தில் பிடித்தது.

கிட்டியில் தொடங்கிய சீர்திருத்தம்

1859க்கு முன் மதராஸில் தனிப் போலீஸ் என்று ஒன்று கிடையாது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், பிரிட்டிஷ் அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, கலெக்டரையே மாஜிஸ்திரேட்டாகவும் ஆக்கின. தாசில்தார் வரி வசூலித்தார். குற்றவாளியைப் பிடிப்பதும் அவர் வேலை. அவரிடம் இருந்த டலாயத்து எனப்பட்ட ஏவலர்களும் சேவகர்களும் காலையில் கிஸ்தி கேட்டுப் போவார்கள், மாலையில் திருடனைத் தேடிப் போவார்கள். கிராமத்தில் முன்சீபும் தலையாரியும் இருந்தார்கள். தெற்கு மாவட்டங்களில் பரம்பரைக் காவல்காரர்கள் ஊருக்கு ஊர் காவல் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வரியும் தடியும் ஒரே கையில் இருந்ததன் விளைவை 1855இல் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை அம்பலப்படுத்தியது. விரல்களை இடுக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் வரி பாக்கிக்கும் வாக்குமூலத்துக்கும் ஒருசேரப் பயன்பட்டதை அது பதிவு செய்தது. லண்டன் பார்லிமென்ட் வரை போன இந்த விவகாரத்தின் முடிவே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. மாகாணத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் ஜெனரல், மாவட்டத்துக்கு ஒரு சூப்பரிண்டெண்ட் என்ற அமைப்பு வந்தது. முதல் தலைவர் வில்லியம் ராபின்சன், பின்னாளில் 1875இல் மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர். அயர்லாந்தின் கான்ஸ்டபிள் படையே இந்தப் புதுப் படைக்கு முக்கிய முன்மாதிரி. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் மக்களை அடக்கிவைக்க உருவான, படைமுகாம் ஒழுங்குள்ள போலீஸ் அது.

1860இல் இந்தியா முழுவதற்குமான போலீஸ் கமிஷன் அமைக்கப்பட்டபோது ராபின்சனும் அதில் உறுப்பினர். அதன் பரிந்துரைப்படி வந்த 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் மதராஸ் அனுபவத்தின் சாயல் உண்டு. மதராஸ் நகரம் மட்டும் தனி ஏற்பாடு. அங்கே 1856 முதல் கமிஷனர் ஒருவரின் கீழ் நகரப் போலீஸ் இயங்கியது. 1888இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

மூன்று வாசல்கள்

படையில் சேரும் வழிகள் ஆரம்பத்திலிருந்தே பிறப்பைப் பார்த்துப் பிரிக்கப்பட்டன.

முதல் வாசல் அதிகாரிகளுக்கானது. தொடக்க காலச் சூப்பரிண்டெண்டுகளில் பலர் மதராஸ் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். பிறகு வேண்டியவர்களைப் பரிந்துரையின் பேரில் நியமிக்கும் வழக்கம் வந்தது. 1893இல் லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்த பத்தொன்பது, இருபது வயது ஆங்கிலேய இளைஞர்கள் அதை எழுதினார்கள். இந்தியர் எழுத முடியாது. தேறியவர் கப்பலில் வந்து இறங்கி, பயிற்சியையும் உள்ளூர் மொழித் தேர்வையும் முடித்துவிட்டு, தன் தந்தை வயதுள்ள இந்திய இன்ஸ்பெக்டர்களுக்கு மேலதிகாரி ஆனார்.

இரண்டாவது வாசல் சார்ஜென்டுகளுக்கானது. ஓய்வுபெற்ற ஐரோப்பியச் சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியரும் இதன் வழியே வந்தார்கள். மதராஸ் நகரத் தெருக்களில் போக்குவரத்தையும் கலகத்தையும் மேற்பார்த்தவர்கள் இவர்களே. மாவட்டத் தலைநகரங்களில் ஆயுத ரிசர்வுக்கு டிரில் சொல்லிக்கொடுத்ததும் இவர்கள்தான். துறைமுகத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் வெள்ளைக்காரக் கப்பலோட்டியைப் பிடிக்க இந்தியக் கான்ஸ்டபிளை அனுப்ப அரசு தயங்கியது. அந்தத் தயக்கமும் சார்ஜென்ட் பதவிக்கு ஒரு காரணம். இவர்களுடைய சம்பளம் இந்தியக் கான்ஸ்டபிளின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் சூப்பரிண்டெண்ட் பதவி இவர்களுக்கும் எட்டாக்கனிதான்.

மூன்றாவது வாசல் கான்ஸ்டபிளுக்கானது. உயரமும் மார்பளவும் பார்த்து, பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்திலேயே ஆள் எடுத்தார்கள். முதல் தலைமுறையில் கலைக்கப்பட்ட பட்டாளங்களின் சிப்பாய்கள், பழைய தாலுகா சேவகர்கள் எனப் பலர் வந்தார்கள். முஸ்லிம்கள், நாயுடுகள், வெள்ளாளர், நாயர் போன்றோர் படையில் கணிசமாக இருந்தனர். எழுத்து வேலையிலும் இன்ஸ்பெக்டர் பதவியிலும் பிராமணர் மிகுந்திருந்தனர். தாழ்த்தப்பட்ட சாதியினர் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களுக்குப் படையின் கதவு மூடியே இருந்தது. பெண்களுக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் பெண் போலீஸ் வந்தது 1973இல்தான்.

ஏட்டும் பாராவும்

கான்ஸ்டபிளின் நாள் பாராவிலும் பீட்டிலும் கழிந்தது. கஜானாவுக்கு, கிளைச் சிறைக்கு, துரை பங்களாவுக்குப் பாரா. இரவில் தெருவில் பீட். கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். கிஸ்திப் பணத்தைத் தாலுகாவிலிருந்து மாவட்டக் கஜானாவுக்குக் காவலோடு கொண்டுபோக வேண்டும். தேர்த் திருவிழா என்றால் பந்தோபஸ்துக்கு நிற்க வேண்டும். ஸ்டேஷனை நடத்தியவர் நீண்ட காலம் ஹெட் கான்ஸ்டபிள், ஊர் வாயில் ‘ஏட்டு’. ஊர் மக்கள் ‘ஏட்டையா’ என்று அழைத்த இவரே முதல் தகவலை எழுதினார், புலன் விசாரித்தார், வழக்கைத் தாக்கல் செய்தார். அவருக்குக் கிடைத்த சம்பளமோ படிப்போ இந்தப் பொறுப்புக்கு ஈடானதல்ல.

சம்பளத்தின் நிலையை 1902இல் கர்சன் பிரபு அமைத்த ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷனின் பரிந்துரையே சொல்லும். கான்ஸ்டபிளுக்குக் குறைந்தபட்சம் மாதம் எட்டு ரூபாயாவது தர வேண்டும் என்று அது கேட்டது. அதாவது அதுவரை அந்த எட்டு ரூபாயும் எல்லா இடத்திலும் உறுதியில்லை. பயிற்சி பெற்ற, சீருடை அணிந்த, சட்டம் தெரிந்திருக்க வேண்டிய ஒருவருடைய வருமானம், எந்தப் பயிற்சியும் தேவைப்படாத கூலியின் வருமானத்தை ஒட்டியே இருந்தது. லண்டனிலிருந்து வந்த இளம் அதிகாரிக்கோ மாதம் சில நூறு ரூபாய்.

ஃபிரேசர் கமிஷனில் மதராஸின் குரல் நன்றாகவே கேட்டது. மதராஸின் போலீஸ் தலைவராக இருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட் அதன் செயலாளர். திவான் பகதூர் சீனிவாச ராகவ ஐயங்கார் உறுப்பினர்களில் ஒருவர். 1905இல் வெளியான அறிக்கை, போலீஸ் திறமையற்றது, பயிற்சி போதாதது, மேற்பார்வை சரியில்லாதது, லஞ்சத்துக்கும் கொடுமைக்கும் பேர்போனது என்று அரசின் வாயாலேயே ஒப்புக்கொண்டது. குறைந்த சம்பளத்துக்கும் லஞ்சத்துக்கும் உள்ள உறவு அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தோடு, எவரையும் பிடித்து உள்ளே தள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பற்றாக்குறையை அந்த அதிகாரமே நிரப்பிக்கொள்ளும். அரசு சிக்கனப்படுத்திய பணத்தை ஸ்டேஷனுக்கு வந்த குடியானவனும் சந்தை வியாபாரியும் கட்டினார்கள்.

சம்பளம் சிறிது, தண்டனை பெரிது. 1861ஆம் ஆண்டின் அகில இந்தியச் சட்டம் அக்காலத்து மனப்போக்கைக் காட்டும். தவறு செய்த கான்ஸ்டபிளுக்கு ஒரு மாதச் சம்பளம் வரை அபராதம் போடலாம். பதினைந்து நாள் வரை இருப்பிடத்தை விட்டு நகராமல் அடைத்து, தண்டனை டிரில் வாங்கலாம். அனுமதி இல்லாமலோ, இரண்டு மாத முன்னறிவிப்பு இல்லாமலோ வேலையை விட்டுப் போகக் கூடாது. எல்லா நேரமும் பணியில் இருப்பவராகவே அவர் கருதப்பட்டார். அப்படியும் ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அறுவடைக் காலத்தில் கூலி ஏறினால், ரங்கூனுக்கோ மலாயாவுக்கோ கப்பல் ஏற வழி கிடைத்தால், இளம் கான்ஸ்டபிளை எட்டு ரூபாயால் பிடித்துவைக்க முடியவில்லை.

குடியிருப்பும் இந்தக் கணக்கில்தான் அமைந்தது. அதிகாரிக்குத் தோட்டத்தோடு பங்களா, சார்ஜென்டுக்குக் குவார்ட்டர்ஸ், கான்ஸ்டபிளுக்கு இடம் இருந்தால் ‘லைன்’ வீடு, இல்லாவிட்டால் சொந்தச் செலவில் வாடகை அறை. வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளான போலீஸ் லைன், கான்ஸ்டபிளை ஊரிலிருந்து பிரித்து அதிகாரியின் கண்ணெதிரே வைக்கவும் உதவியது.

காட்டுப்பள்ளிக் கரையில்

இந்தச் சிக்கனம் மாகாணத்தின் ஓரங்களில் எப்படித் தெரிந்தது என்பதற்கு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடி, பொன்னேரி வட்டத்துக் கடற்கரை நல்ல சான்று. எண்ணூருக்கும் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் இடையே, ஒரு புறம் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் சூழ்ந்த மணல்திட்டில் காட்டுப்பள்ளியும் காளாஞ்சியும் கருங்காலியும் இருந்தன. பழவேற்காடு ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் முக்கியத் தலம். 1613இல் அவர்கள் கட்டிய ஜெல்டிரியா கோட்டையோடு ஊரும் 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மாகாணத் தலைநகரிலிருந்து சில மணி நேரப் படகுப் பயணத்தில் இருந்தும், இந்தக் கரை போலீஸுக்கு எளிதில் எட்டாத இடம்.

நிர்வாகம் ஆளைக் கணக்கிட்டுத்தான் ஸ்டேஷன் வைத்தது. சாலை உள்ள ஊர், சந்தை, கஜானா, ரயிலடி ஆகியவற்றுக்கு முன்னுரிமை. மணலில் நடந்தோ கால்வாயில் படகேறியோ போக வேண்டிய குப்பங்களுக்குக் கிராம முன்சீபும் தலையாரியுமே அரசின் கண். குற்றம் நடந்தால் தகவல் சொல்வது அவர்கள் கடமை. சில்லறை வழக்குகளில் சிறு தண்டனை கொடுக்கும் அதிகாரமும் முன்சீபுக்கு உண்டு. இவர்களுடைய ஊதியமோ போலீஸ்காரருடையதைவிடக் குறைவு.

குப்பத்துக்குள் நடந்த தகராறுகளுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ முறை பழவேற்காட்டு மீனவர்களிடம் இன்றும் உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இதில் மூத்த ஊர்கள். இப்படி உள்ளூரே தன் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டது, ஆளுக்குப் பஞ்சப்பட்ட அரசுக்கு வசதியாகவே இருந்தது.

அரசின் கை இக்கரையில் அழுத்தமாக விழுந்தது உப்பில்தான். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் உப்பளங்கள் உண்டு. உப்பு அரசின் ஏகபோகம். அதன் வரி மாகாண வருமானத்தில் பெரிய தூண். அதைக் காக்க உப்பு, ஆப்காரி (மதுவரி) இலாகாவுக்குத் தனியாகக் காவல் சேவகர்கள் இருந்தார்கள். உயிருக்கும் உடைமைக்கும் காவலாக ஒரு கான்ஸ்டபிள் அரிதாக வரும் கரையில், உப்பை அள்ளாமல் பார்க்க மட்டும் ஆள் நின்றது.

வெளியூர்க்காரனை நம்பிய காலனிகள்

மலிவான, அதே நேரம் நம்பிக்கையான படை வேண்டும் என்ற இதே சிக்கலுக்கு, பிரிட்டிஷ் பேரரசின் மற்றத் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் செல்வாக்கு மிகுந்த ஷாங்காயிலும் வேறு விடை கண்டார்கள். ஷாங்காயின் சர்வதேசக் குடியிருப்பில் 1854இல் முப்பத்தொரு பேருடன் தொடங்கிய நகராட்சிப் போலீஸ், பிற்காலத்தில் நான்கு பிரிவுகளாக நின்றது: வெள்ளையர், சீனர், 1880களில் வந்த சீக்கியர், 1916இல் சேர்ந்த ஜப்பானியர். ஹாங்காங்கில் 1860களில் பஞ்சாபிலிருந்து சீக்கியர் வரவழைக்கப்பட்டனர். அங்கே ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு, உள்ளூர்ச் சீனருக்கு மிகக் குறைவு. சிங்கப்பூரில் 1881இல் சீக்கியப் படை அமைந்தது. மலாயாவின் பேராக்கில் அதற்கும் முன்பே, 1873இல், கேப்டன் ஸ்பீடி வட இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுபோயிருந்தார்.

இந்த ஏற்பாட்டின் தர்க்கம் எளியது. உள்ளூரில் உறவோ மொழியோ இல்லாதவன் உள்ளூர்க்காரனை அடிக்கத் தயங்க மாட்டான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஷாங்காய் 1925 மே 30 அன்று கண்டது. ஆங்கில இன்ஸ்பெக்டர் ஒருவரின் உத்தரவில் சீக்கியரும் சீனருமான போலீஸார் ஊர்வலத்தின் மீது சுட, சீனா முழுவதும் கொந்தளித்தது. இலங்கையிலும் கலப்புப் படைதான். வெள்ளை அதிகாரிகளின் கீழே பறங்கியர், மலாய்க்காரர், சிங்களவர், தமிழர் பணியாற்றினர். கொள்ளையன் சரதியேலைப் பிடிக்கப் போய் 1864இல் உயிரிழந்த கான்ஸ்டபிள் சபான் ஒரு மலாய்க்காரர்.

மதராஸ் அரசுக்கு வெளிநாட்டிலிருந்து கான்ஸ்டபிள் கொண்டுவரக் கட்டுப்படியாகவில்லை. மாகாணத்துக்குள்ளேயே வெளியூர்க்காரர்களை உருவாக்கிக்கொண்டது. 1921 மாப்பிள்ளைக் கலகத்தின்போது, மலபார் போலீஸ் சூப்பரிண்டெண்ட் ஹிட்ச்காக்கின் முயற்சியில் மலபார் சிறப்புப் போலீஸ் திரட்டப்பட்டது. மலப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இப்படைக்கு ராணுவத்துக்கு இணையான பயிற்சியும் ஆயுதமும் உண்டு. அடுத்த ஆண்டே கோதாவரி ஏஜென்சி மலைகளில் அல்லூரி சீதாராம ராஜுவின் கலகத்தை அடக்க மலையாளிகளான இவர்கள் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மெல்லத் திறந்த கதவு

ஃபிரேசர் கமிஷனுக்குப் பின் இரண்டு புதுப் படிகள் முளைத்தன. ஸ்டேஷன் பொறுப்பு ஏட்டிடமிருந்து, நேரடியாகத் தேர்வான, படித்த சப் இன்ஸ்பெக்டருக்குக் கைமாறியது. வேலூரில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. இந்திய அதிகாரிகளுக்கென்று டெபுடி சூப்பரிண்டெண்ட் பதவி வந்தது. சூப்பரிண்டெண்டின் வேலையில் பாதியைச் செய்தாலும், அந்தஸ்தில் அவர் இளம் ஆங்கில உதவிச் சூப்பரிண்டெண்டுக்கு ஈடாக மதிக்கப்படவில்லை.

கான்ஸ்டபிளுக்கு இந்தச் சீர்திருத்தத்தால் ஒரு நஷ்டமும் உண்டானது. முன்பு ஏட்டாகி ஸ்டேஷனை ஆளலாம் என்ற ஆசையாவது இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பள்ளிப் படிப்பும் குடும்பப் பின்னணியும் பார்க்கத் தொடங்கியதும், அடியிலிருந்து மேலே ஏறும் ஏணியில் ஒரு படி உடைந்தது.

1919இல் பராங்குசம் நாயுடு மதராஸ் நகரத்தின் முதல் இந்தியக் கமிஷனராகப் பொறுப்பேற்றார். 1921 முதல் இந்தியர் போட்டித் தேர்வு எழுதி உயர்பதவிக்கு வர வழி பிறந்தது. 1924இல், உயர் அரசுப் பணிகளை ஆராய்ந்த லீ கமிஷன், புதிதாக எடுக்கும் பத்துப் பேரில் ஐவர் ஐரோப்பியர், மூவர் நேரடியாகத் தேர்வான இந்தியர், இருவர் பதவி உயர்வு பெற்ற இந்தியர் என்று விகிதம் வகுத்தது. இந்தியமயமாக்கம் என்று அரசு பெருமையோடு பேசிய இந்த மாற்றம், சில நூறு உயர்பதவிகளைப் பற்றியது. கான்ஸ்டபிள்கள் அன்றும் இந்தியர்களே. அவர்களுடைய நிலையில் மாற்றம் மிகச் சிறிது.

முதல் உலகப் போர் முடிந்தபோது விலைவாசி எகிறியது. அதே நேரத்தில் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் அரசு வேலையை விடச் சொல்லி அழைத்தன. பசியும் அரசியலும் ஒன்றாக வந்ததைக் கண்ட அரசு சம்பளத்தைச் சற்று உயர்த்தியது. கூடவே 1922இல், போலீஸாரிடம் அதிருப்தியைத் தூண்டுவோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இதே நிலை இன்னும் கூர்மையாகத் திரும்பியது. 1946 ஏப்ரலில், அரசு மிகவும் நம்பிய மலபார் சிறப்புப் போலீஸாரே உணவுக்காகவும் ஊதியத்துக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏராளமானோர் வேலையிழந்தனர்.

1947க்குப் பின்

விடுதலை வந்ததும் ஆங்கில அதிகாரிகளில் பெரும்பாலோர் இழப்பீடும் ஓய்வூதியமும் பெற்றுத் தாயகம் திரும்பினார்கள். ஆங்கிலோ இந்திய சார்ஜென்டுகளில் பலர் அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். மதராஸ் போலீஸ் அதிகாரியான டி.ஜி. சஞ்சீவி பிள்ளை, 1947இல் டெல்லியில் உளவுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 

இனத்தின் பேரில் வகுத்த பிரிவு இவ்வாறு மறைந்தது. அதற்காக எழுப்பிய கட்டமைப்பு மறையவில்லை. கான்ஸ்டபிள், சப் இன்ஸ்பெக்டர், உயரதிகாரி என்று படைக்குள் நுழையும் வாசல்கள் இன்றும் தனித்தனியே உள்ளன. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவர் மாவட்டக் கண்காணிப்பாளராக ஓய்வு பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். வேலை நேரம், வார விடுப்பு, குடியிருப்பு, உயரதிகாரி வீட்டில் ஆர்டர்லி வேலை ஆகியவை குறித்துக் காவலர்கள் எழுப்பும் குறைகளில் பலவற்றின் வேர் அந்தப் பழைய சிக்கனக் கணக்கில் இருக்கிறது. சித்திரவதைக் கமிஷனுக்குப் பிறகு இயற்றப்பட்ட 1859ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாடு மாவட்டப் போலீஸ் சட்டம் என்ற பெயரில், விடுதலைக்குப் பின்னும் நடைமுறையில் தொடர்ந்தது.